ஜனவரி ஒன்று முதல் நல்லவர்

போன வருடம் டிசம்பர் கடைசியில் நீங்கள் எடுத்த ஏழு உறுதிமொழிகளில் நான்காவது எது? டைரியைப் பார்க்காமல் சொல்லுங்கள். ஐந்தாவதாவது? சரி, ஏழு என்பதாவது ஞாபகம் இருக்கிறதா, அல்லது நான் சொன்னதும் 'ஆமாம், ஏழுதான்' என்று தலையாட்டினீர்களா?

வெட்கப்பட வேண்டாம். நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் இருக்கும் ஓர் இனத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். இதற்கு ஆண்டிறுதி ஞானி என்று பெயர் வைத்திருக்கிறேன். பதினோரு மாதமும் இருபத்தைந்து நாளும் இது சாதாரண மனிதர்களோடு கலந்து வாழும். தனியே அடையாளம் காண முடியாது. வரிசையில் முந்தும், வீட்டில் கத்தும், வந்த கடிதத்துக்குப் பதில் போடாது. டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலையில் திடீரென்று ஜன்னலருகே போய் நிற்கும். தூரத்தைப் பார்க்கும். "இந்த வருஷம் எப்படிப் போச்சுன்னே தெரியல" என்று சொல்லும். எப்படிப் போயிருக்கும்? ஒவ்வொரு நாளாகத்தான் போயிருக்கும்.

பிறகு டைரி வரும். சிமெண்ட் ஏஜென்சிக்காரர் இலவசமாகக் கொடுத்தது. அதில் ஒரு வட்டம் போட்டு, இட்லியை வெட்டுவதுபோல எட்டாக வெட்டி, உடல்நலம், குடும்பம், தொழில், சமூகம் என்று ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் எழுதி, பத்துக்கு இத்தனை என்று தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும். தேர்வு எழுதியவரும் அவரே, வினாத்தாள் தயாரித்தவரும் அவரே, திருத்துபவரும் அவரே. இப்படியொரு தேர்வு வாரியம் அமைந்தால் நாட்டில் தோல்வி என்ற சொல்லே இருக்காது. ஆனாலும் இந்த ஞானி தனக்குப் பத்து போட்டுக்கொள்வதில்லை. ஒன்பதுதான். அடக்கம் என்ற தலைப்பில் இன்னொரு துண்டு இருக்கிறதே, அதில் மதிப்பெண் குறைந்துவிடும்.

இந்தச் சிந்தனைக்குக் குறைந்தது ஆறாயிரம் அடி உயரம் தேவை. சமவெளியில் சிந்தித்தால் வியர்க்கிறது. அதனால்தான் ஆண்டின் கடைசி வாரத்தில் கொடைக்கானல் சாலையில் அத்தனை கார்கள். பாதிப் பேர் ஏரியைப் பார்க்கப் போகிறார்கள். மீதிப் பேர் தங்களைப் பார்க்கப் போகிறார்கள். ஏரியைப் பார்ப்பவர்களால் ஊருக்குப் பெரிய கெடுதல் இல்லை. போட்டிங் போவார்கள், சோளம் தின்பார்கள், இறங்கிவிடுவார்கள். இரண்டாவது வகைதான் ஆபத்தானது. எப்படி என்று கேட்பீர்கள். நல்ல மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டுகிறேன்.

சேனாதிபதி என்று ஓர் அதிகாரி. மலைமேல் ஓர் அலுவலகத்தில், சான்றிதழ்களுக்குக் கடைசி ஒப்புதல் தரும் நாற்காலியில் இருப்பவர். குடும்பம் பழனியில். கெட்ட மனிதர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கைநீட்டி எதுவும் வாங்காதவர், பூனையைக் கண்டால் பால் வைப்பவர். அவரிடம் ஒரே ஒரு குறைதான். எதையும் தொடங்குவதற்குச் சரியான நாள் ஒன்று வேண்டும், அந்த நாள் இன்றாக இருக்கக் கூடாது.

போன டிசம்பரில் அவர் பழைய ஆண்டை முறைப்படி கழித்துக்கட்ட முடிவு செய்தார். பழனிக்காரர் முறைப்படி கழிப்பது என்றால் வேறென்ன? இருபத்தெட்டாம் தேதி அடிவாரத்தில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனத்தைக் குழைத்துப் பூசினார். ஆணவம், சோம்பல், கோபம் எல்லாம் முடியோடு போய்விட்டது என்றார். முடிக்கும் சோம்பலுக்கும் என்ன நரம்புத் தொடர்பு என்று எந்த மருத்துவ நூலிலும் நான் படித்ததில்லை. அப்படி ஒன்று இருந்தால் வழுக்கைத் தலைக்காரர்களெல்லாம் இந்நேரம் உலகத்தையே உழுது முடித்திருப்பார்கள். அது போகட்டும். ஈரச் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு டிசம்பர் மாதத்தில் மலையேறுவதை என்னவென்று சொல்வது? பெருமாள்மலையைத் தாண்டுவதற்குள் பல் அடித்துக்கொண்டது. சாலையோரக் கடையில் ஒரு குரங்குக் குல்லா வாங்கி மாட்டிக்கொண்டார். பழைய ஆணவம் போன இடத்தில் புதிய ஜலதோஷம் வந்து உட்கார்ந்தது.

கொடைக்கானலில் தன் அலுவலகத்தைத் தாண்டித்தான் கார் போனது. காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நிலுவையும் குளிரைப் போலத்தான், கண்ணாடியை ஏற்றினால் உள்ளே வராது. அங்கிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூர். ஆட்டுப் பண்ணையும் கேரட் காடுமாகக் கிடக்கும் அந்த மேட்டில், ஒரு விடுதியில், 'நோக்கத்தோடு வாழ்வோம்' என்று மூன்று நாள் முகாம். கோவையிலிருந்து வந்த ஸ்வேதா என்ற வாழ்க்கைப் பயிற்சியாளர் நடத்தினார். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். சேனாதிபதியின் மனைவி சண்முகவள்ளியும் உடன் வந்திருந்தார், சிந்திக்க அல்ல, அவருக்கு நேரத்துக்கு மாத்திரை கொடுக்க.

முகாமின் முதல் விதி, கைப்பேசியும் மடிக்கணினியும் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் போக வேண்டும். பூட்டு, ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்குத்தான் திறக்கும். இரண்டாவது விதி, மௌனம். அவசியமானால் சீட்டில் எழுதிக் காட்டலாம். தும்மலாம். தும்மல் மௌனத்தில் சேராது என்று சேனாதிபதிக்காக ஸ்வேதா தனியே ஒரு சலுகை அறிவித்தார்.

அந்த விடுதியில் சமையலுக்கு உதவியாக இருந்தவர் இருளாயி, மன்னவனூர்க்காரர். அவர் மகள் தமிழ்மதி, பிளஸ் டூ முடித்தவள். ஓடைத் தண்ணீரில் கேரட் கழுவும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊர் அங்கன்வாடியில் உதவியாளர் வேலை ஒன்று காலி. அதே ஊரில் குடியிருப்பவர்தான் விண்ணப்பிக்கலாம். அதற்கு இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். ஆன்லைனில் ஏற்றக் கடைசி நாள் டிசம்பர் முப்பத்தொன்று, மாலை ஐந்து மணி. தமிழ்மதி ஆறாம் தேதியே சான்றிதழுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். கிராமத்தில் பார்த்தார்கள், 'குடியிருக்கிறாள்' என்று மேலே அனுப்பினார்கள். அதற்கு மேலே பார்த்தார்கள், 'ஆமாம், குடியிருக்கிறாள்' என்று அதற்கும் மேலே அனுப்பினார்கள். அதற்கும் மேலே இருந்தவர் சேனாதிபதி. அங்கே பதினெட்டு நாளாக அந்தப் பெண் எங்கேயும் குடியிருக்கவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி மாலை சுக்குக் காப்பி கொடுக்க வந்த இருளாயி, பெயர்ப் பட்டியலைப் பார்த்து யாரோ சொல்லக் கேட்டு, குல்லாவுக்குள் இருப்பவர் யாரென்று தெரிந்துகொண்டார். டம்ளரை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

"சார், எம்பொண்ணு இருப்பிடச் சர்ட்டிபிகேட்டு உங்ககிட்டதான் கெடக்காம். இ-சேவைக் கடை ஆனந்து சொல்லுச்சு. ஒரு பொத்தானை அமுக்குனாப் போதுமாம். அந்தச் சோலிய மட்டும் வெரசா முடிச்சுக் குடுத்திருங்க."

சேனாதிபதி கண்களை மூடி, மார்பில் கை வைத்து, மெல்லத் தலையசைத்தார். சீட்டை எடுத்து எழுதினார். இருளாயிக்குப் படிக்க வராது. சண்முகவள்ளி வாங்கிப் படித்தார்.

"'தங்கள் கோரிக்கை உள்வாங்கப்பட்டது.'"

"அப்படின்னா என்னாங்கம்மா?"

"காதுல விழுந்துச்சுங்கறாரு."

"வாயத் தொறந்து சொல்ல மாட்டாரா?"

"மௌன விரதம் தாயி. வீட்லயும் இதேதான், அங்க விரதம்னு பேரு கெடையாது, அவ்வளவுதான்."

சேனாதிபதி இன்னொரு சீட்டு எழுதினார். சண்முகவள்ளி அதைப் படித்துவிட்டுக் கணவரை ஒருமுறை, சீட்டை ஒருமுறை பார்த்தார். "'1-1 முதல் தினமும் ஒரு எளியவருக்கு உதவுவது என்பது எனது முதல் உறுதிமொழி. இது மதிப்பாய்வுக் காலம். மதிப்பாய்வுக் காலத்தில் செயல் இல்லை.' ஏங்க, இதை எழுதுன நேரத்துக்கு அந்தப் பெட்டியத் தெறக்கச் சொல்லலாமில்ல?"

அவர் தும்மினார். அதைத்தான் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இருளாயி சளைக்கவில்லை. பெட்டிச் சாவி இருக்கும் இடத்துக்குப் போனார். ஸ்வேதா அவரை அன்பாக உட்கார வைத்தார். அவரும் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவர் கிடைத்தால் எனக்கே பெரிய நிம்மதியாக இருக்கும்.

"அக்கா, சார் இப்ப ஒரு டீப் ப்ராசஸ்ல இருக்காரு. நடுவுல டிஸ்டர்ப் பண்ணக் கூடாது."

"எவ்வளவு நேரம் பிடிக்குங்கம்மா?"

"அது சொல்ல முடியாதுக்கா. சிலருக்கு லைஃப் முழுக்க ஆகும்."

"நாளன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஆயிருமா?"

ஸ்வேதா அந்தக் கேள்வியைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

முப்பதாம் தேதி காலை கருணைப் பயிற்சி. எல்லோரும் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கண்ணை மூடி, உங்கள் உதவி தேவைப்படும் ஓர் ஏழைப் பெண்ணின் முகத்தை மனதுக்குள் கொண்டுவாருங்கள் என்றார் ஸ்வேதா. அவள் என்ன உடுத்தியிருக்கிறாள், கையில் என்ன வைத்திருக்கிறாள், உங்களிடம் என்ன கேட்கிறாள்? சேனாதிபதிக்குக் கண்ணீர் வழிந்தது. கிழிந்த சேலை, எண்ணெய் காணாத தலை, நடுங்கும் கை, எல்லாம் துல்லியமாக வந்தன. அந்தப் பெண்ணுக்காக அவர் உயிரையே கொடுத்திருப்பார். கண்ணைத் திறந்தபோது எதிரே இருளாயி நின்றார். நல்ல சேலைதான், மேலே ஸ்வெட்டர், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார், கையில் விண்ணப்பத்தின் ரசீது. சேனாதிபதி முகத்தில் லேசான எரிச்சல் படர்ந்தது. கொஞ்சம் தள்ளி நில், வெயிலை மறைக்கிறாய் என்று கையைக் காட்டினார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு வயிறு எரிந்தது. கற்பனை ஏழைக்கு இந்த நாட்டில் எவ்வளவு மரியாதை. அவளுக்குப் பசிக்காது, ரசீது வைத்திருக்க மாட்டாள், கடைசித் தேதி சொல்ல மாட்டாள், முக்கியமாக, நேற்றும் வந்தேனே என்று கேட்க மாட்டாள். அவளுக்காக அழுவதற்கு மலைமேல் மூன்று நாள் முகாம் நடக்கிறது. நிஜமானவள் வெயிலை மறைக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கைக்கு நோக்கம் வேண்டும் என்று அந்த மேட்டில் பன்னிரண்டு பேர் தேடிக்கொண்டிருந்தார்களே, அங்கே நோக்கம் தெளிவாக இருந்த ஒரே ஆள் இருளாயிதான். ஒரே நோக்கம், ஒரே பொத்தான். அவரை யாரும் முகாமில் பேசக் கூப்பிடவில்லை. சாம்பாருக்குக் காய் நறுக்கக் கூப்பிட்டார்கள்.

முப்பத்தொன்று மதியம் தமிழ்மதியே வந்துவிட்டாள். கேரட் கழுவிய கை, விரல்நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. சமையற்கட்டு வாசலில் அம்மாவோடு நின்றுகொண்டாள். மூன்றரைக்கே மூடுபனி இறங்கிவிட்டதால், இரவுக்கு வைத்திருந்த நெருப்பு நிகழ்ச்சியை ஸ்வேதா நாலு மணிக்கே கொண்டுவந்துவிட்டார். பழைய ஆண்டோடு விட்டொழிக்க வேண்டிய ஒரு குணத்தைச் சீட்டில் எழுதி, எல்லோர் முன்னாலும் நெருப்பில் போட வேண்டும். இதற்கு மட்டும் மௌனத்துக்கு விலக்கு. சத்தமாகப் படித்துவிட்டுப் போட வேண்டும். ஒருவர் 'கவலை' என்று போட்டார். ஒருவர் 'சர்க்கரை' என்று போட்டார். சேனாதிபதி எழுந்தார். மூன்று நாள் பேசாததில் தொண்டை கட்டியிருந்தது. சீட்டை உயர்த்திப் பிடித்துப் படித்தார்.

"தள்ளிப்போடும் குணம்."

போட்டார். பற்றிக்கொண்டது. கைதட்டல். மணி நாலு பத்து. அவர் முகத்தில் எப்பேர்ப்பட்ட ஒளி. ஆயுள் முழுக்கச் சுமந்த குணம் ஒன்று ஒரு நொடியில் சாம்பலானதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். சான்றிதழ் மட்டும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

தமிழ்மதி சமையற்கட்டு வாசலிலிருந்து நேரே வட்டத்துக்குள் நடந்து வந்தாள்.

"சார், இப்பத்தான அந்தக் கொணத்த எரிச்சீங்க?"

அவர் புன்னகையோடு தலையசைத்தார்.

"அப்ப பெட்டியத் தெறங்க சார். இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. ஆட்டுப் பண்ணை வளைவுல சிக்னல் கெடைக்கும். நீங்க அமுக்குனதும் ஆனந்தண்ணன் ஏத்திருவாரு, கடையத் தெறந்து வெச்சு உக்காந்திருக்காரு."

சேனாதிபதி ஸ்வேதாவைப் பார்த்தார். பார்த்த பார்வையில், எனக்குத் தெரிந்த அளவில், அந்தக் கணம் அவர் திறந்துவிடத் தயாராகத்தான் இருந்தார். ஸ்வேதாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"பியூட்டிஃபுல். இந்த மூணு நாள்ல வந்த பெஸ்ட் கொஸ்டின் இதுதான். 'எரிச்சீங்கல்ல, அப்பத் தெறங்க.' எல்லாரும் கண்ணை மூடுங்க. இந்தக் கேள்விய அவசரப்பட்டு ஆன்சர் பண்ண வேண்டாம். உள்ளுக்குள்ள விடுங்க. என் பெட்டி எது, என் பூட்டு எது?"

பன்னிரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். சேனாதிபதி எல்லோரையும்விட இறுக்கமாக மூடினார். தமிழ்மதி நெருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சண்முகவள்ளி எழுந்து வந்து கணவர் தோளை உலுக்கினார். "ஏங்க, கேள்வி உங்களுக்குங்க. அந்தப் புள்ள நிக்குது பாருங்க." அவர் கையை உயர்த்தி, இரு என்றார். சண்முகவள்ளி ஸ்வேதாவிடம் சாவி கேட்டார். பெட்டியில் மற்றவர்களின் பொருளும் இருக்கிறதே, எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று ஸ்வேதா ரகசியக் குரலில் சொன்னார். சம்மதம் கேட்க அவர்கள் கண்ணைத் திறக்க வேண்டும். கண்ணைத் திறந்தபோது மணி ஐந்து கடந்திருந்தது. தமிழ்மதி அங்கே இல்லை.

ஜனவரி ஒன்று. ஏழு மணிக்குப் பெட்டி திறந்தது. மடிக்கணினியை அணைத்துக்கொண்டு சேனாதிபதி ஆட்டுப் பண்ணை வளைவு வரை நடந்தே போனார், குல்லாவோடு, மூச்சிரைக்க. ஏழு இருபதுக்குப் பொத்தானை அமுக்கினார். மூன்று நொடி ஆனது. மூன்று. திரும்பி வந்து இருளாயியைக் கூப்பிட்டார். புது ஆண்டின் முதல் வார்த்தைகளை அவருக்கென்றே வைத்திருந்தார்.

"இருளாயி, இந்த வருஷத்தோட முதல் உதவி உனக்குத்தான். உன் மக சான்றிதழ் வந்தாச்சு."

இருளாயி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நேத்து அஞ்சு மணியோட முடிஞ்சு போச்சுங்க சார்."

"அட, இருப்பிடச் சான்றிதழ் எப்ப வேணா உபயோகப்படும்மா. வீணாப் போகாது."

"என்னான்னு போட்டிருக்குங்க அதுல?"

"நீங்க மன்னவனூர்ல குடியிருக்கீங்கன்னு."

"அது எங்களுக்குத் தெரியுங்களே."

அவர் அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். தமிழ்மதி வெள்ளனே ஓடைக்குப் போயிருந்தாள், கேரட்டுக்கு ஆண்டுப் பிறப்பு கிடையாது. அடுத்த அறிவிப்பு எந்த வருடம் வரும் என்று ஆனந்துக்கும் தெரியவில்லை. சேனாதிபதி டைரியின் முதல் பக்கத்தில் 'எளியவருக்கு உதவி: நிறைவேற்றம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போட்டு, அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனது லேசாக இருந்தது என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறார். இருக்கும். சுமையை இறக்கிவைக்க இன்னொரு தலை கிடைத்தால் யாருக்கும் லேசாகத்தான் இருக்கும்.

சேனாதிபதியை நன்றாகத் திட்டிவிட்டீர்கள் அல்லவா? நானும் உங்களோடு சேர்ந்து திட்டினேன், சுகமாக இருந்தது. 'நான் அதிகாரியில்லையே, என்னிடம் எந்தச் சான்றிதழும் கிடக்கவில்லையே' என்று நினைத்திருப்பீர்கள். சான்றிதழ்தானா கிடக்க வேண்டும்? சம்பள உயர்வு கேட்டுக் கடையில் வேலை பார்ப்பவர் தந்த கடிதம் மேசை இழுப்பறையில் இல்லையா? பரிந்துரைக் கடிதம் கேட்ட பழைய மாணவிக்கு 'கண்டிப்பா, அடுத்த வாரம்' என்று எழுதியது எந்த மாதம்? உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் குளியலறைக் கதவு ஆடுகிறது என்று சொல்லி எத்தனை நாளாகிறது? தங்கையிடம் பேச வேண்டும், பொங்கல் கழியட்டும் என்று வைத்திருக்கிறீர்களே, எந்தப் பொங்கல்? நான்காவது உறுதிமொழி மறந்துபோனதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. உங்களிடம் கேட்டுவிட்டுக் காத்திருப்பவருக்குக் கேட்ட தேதி மறக்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இன்று என்ன தேதியாக இருந்தாலும் சரி, நேரம் நல்லதோ கெட்டதோ, மனம் பக்குவப்பட்டிருக்கிறதோ இல்லையோ, இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்து போய் அந்த ஒன்றை முடித்துக் கொடுத்துவிடுங்கள். நல்லவராவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.